ஜப்பான் காடைக்கு அப்பா கட்டிய கூடு

வேலைக்கான நேர்காணல்களில் என்னிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். கம்பி வலையை மடக்கிக் கூடு கட்டத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். எந்த வலையை எந்தப் பக்கம் வைப்பது, மடக்கும்போது கட்டையை எங்கே அணை கொடுப்பது, வெட்டிய கம்பி முனை ஏன் எப்போதும் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்வதற்கு வெகு முன்பே எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் பேண்டு செய்தவர்கள், ஒரு ரூபாய்க்கு வாடகை சைக்கிள் எடுத்தவர்கள், போன கரண்ட் திரும்பி வந்தால் தெருவோடு சேர்ந்து ஓவென்று கத்தியவர்கள். முப்பத்தைந்தை நெருங்கும்போது இப்படி ஒவ்வொன்றாக வரிசை போட்டு எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. என் வரிசையில் முதலில் வருவது ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த ஒரு காடைக்கூடு.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நான்காம் வகுப்பு. அப்பா ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலிமனை, அதற்கடுத்து மில்லின் மதில். அம்மாவின் தங்கை, என் சித்தி, வத்திராயிருப்பிலிருந்து வந்து எங்களோடு தங்கி ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெட்டிய துணியைச் சுருட்டிப் பொட்டலம் போடும் வேலை. அவள் விரல்கள் சுருட்டும் வேகத்தை அந்தக் கம்பெனி மேஸ்திரி எங்கள் வாசலில் நின்றே பெருமையாகச் சொல்வார்.

பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் இருமல், பிறகு இளைப்பு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்தத் தூசியைவிட்டு விலகாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்.

மேஸ்திரி வீட்டுக்கே வந்தார்.

“ஐப்பசி வரைக்கும் ஒன் எடத்த வேற ஆளுக்குக் குடுக்காமப் பாத்துக்கிடுதேன். ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்துரு தாயி.”

அதை எல்லோரும் பெரிய உதவியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். வேறு வழி ஏதாவது அதற்குள் அமையாவிட்டால் சித்தி அதே தூசிக்குத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் எனக்கே விளங்கியது. அன்று அம்மா தட்டில் சோறு போடும்போது சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வேறு வழியாகத்தான் காடை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பெண்களைக் கூப்பிட்டு வைத்து, வீட்டிலேயே ஜப்பான் காடை வளர்க்கலாம், ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும், முட்டையை விற்றுக் காசு பார்க்கலாம் என்று விளக்கினார்களாம். சித்தி ஆண்டாள் கோயில் தேருக்குப் போன கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கிப் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தாள். எங்கள் தெருவுக்கு அதுவரை ஜப்பானிலிருந்து வந்தது ஒரு டேப்ரிக்கார்டர் மட்டும்தான். அடுத்து ஒரு பறவை வரப்போகிறது என்றதும் பள்ளிக்கூடத்தில் என் மதிப்பு ஏறிவிட்டது. அது எந்த பாஷையில் கத்தும் என்று ஒருத்தி கேட்டாள். வந்தால் தெரியும் என்று சொல்லிவைத்தேன்.

கூடு கட்டும் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார்.

“ஒரு சாண் ஒயரம் போதும்னு மாட்டாசுபத்திரி டாக்டர் சொன்னாரு அத்தான்,” என்றாள் சித்தி.

“ஒரு சாணா? அதுக்குள்ள ஒரு உசுரு எப்படிம்மா இருக்கும்? அவர ஒரு நா இருந்து பாக்கச் சொல்லு.”

“நானா சொல்லுதேன், அவிய படிச்சவிய சொல்லுதாவ.”

“ஜன்னல் இல்லாத மில்லுக்குள்ள நிக்குதவனுக்குத்தான் தெரியும் காத்துன்னா என்னன்னு. நா கட்டுதேன், நீ பாரு.”

வார விடுமுறை நாட்களில் அப்பா கட்டினார். சுருளாக வந்த வலையைச் சிமெண்டுத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் அம்மிக்குழவி, ஆட்டுக்கல் குழவி, இரண்டு செங்கல் என்று பாரம் வைத்தார். வலை அடங்காத மிருகம்போல ஒவ்வொரு முறையும் சுருண்டு எழுந்தது. கட்டிங் பிளேயர் வாய் மூடும்போதெல்லாம் ‘டிங்’ என்று ஒரு சத்தம், உடனே துண்டுக் கம்பி எங்காவது பறந்து விழும். அதைப் பொறுக்குவது என் வேலை. உடைந்த ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டு போவேன். கம்பிகள் முள்ளம்பன்றிபோல் ஒட்டிக்கொள்ளும். உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருளாக அந்தக் காந்தம் இருந்தது. எப்போது எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை.

துத்தநாகப் பூச்சின் வாடை கையில் இரண்டு நாள் இருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் இருக்கும்.

கட்டி முடித்த கூடு ஒரு கட்டில் நீளம், என் நெஞ்சு உயரம். தரைக்குச் சிறுகண் வலை, பக்கங்களுக்குப் பெருங்கண் வலை, கூரைக்கு இரும்புச் சட்டம் வைத்து இழுத்துக் கட்டிய கனத்த வலை. நான் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு கதவு. உள்ளே பறவைகள் உட்கார ஒரு மர உருளையைக் குறுக்கே பொருத்தி, அதற்கு மேலே ஒரு ஊஞ்சலும் தொங்கவிட்டார். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, பெண்ணே என்று தெலுங்கில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மாடி வீடா கட்டுறீங்க? எங்க வூட்டுக்கே இம்புட்டுக் காத்து வராது அம்மாயி. நா ஒரு மூலைல வந்து படுத்துக்கிறேன்.”

அப்பா சிரித்தார். அவர் செய்த பொருள்களிலேயே அழகானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். நான்கு மூலையும் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் குஞ்சுகள் வந்தன. சித்தி மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தோம். என் கட்டைவிரல் அளவு உயிர்கள். முதுகில் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு. பெட்டி முழுவதும் அசைந்துகொண்டே இருந்தது.

“இது காடைக்குஞ்சா, கரப்பான்பூச்சியா?” என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பை அணைக்கவும் மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் அவற்றைச் சமையலறை மூலையில் ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தோம். தலைக்கு மேல் ஒரு பல்பு. கீழே பழைய செய்தித்தாள். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டே மூழ்கிவிடும் என்று சித்தி சொன்னாள். என் கோலிக்குண்டுகள் மொத்தமும் போயின. கண்ணாடிக் குண்டுகளின் இடுக்கில் தேங்கிய தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து, தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி அது விழுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனை வீட்டுப்பாடத்தை விட்டேனோ. பள்ளிவிட்டு வந்து பார்த்தால் காலையில் இருந்த குஞ்சு இருக்காது. இறக்கை நுனியில் ஒரு புது இறகு, கழுத்தில் ஒரு புது நிறம். யாரும் பார்க்காத நேரத்தில் யாரோ வந்து மாற்றி வைத்துவிட்டுப் போவதுபோல் இருக்கும்.

சித்தி அந்த நாட்களில் குறைவாகத்தான் இருமினாள்.

இறகு முளைத்ததும் கொல்லைக் கூட்டுக்கு மாற்றினோம். மர உருளையில் ஒன்றுகூட ஏறி உட்காரவில்லை. ஊஞ்சலைத் திரும்பியும் பார்க்கவில்லை. காடை மரத்தில் உட்காரும் பறவையே இல்லை, தரையில் திரிவது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. “பழகட்டும்,” என்றார் அப்பா.

மறுநாள் காலை இரண்டு செத்துக் கிடந்தன. உச்சந்தலையில் ரத்தம்.

அடுத்த நாளும் கிடந்தன. அதற்கடுத்த நாள் மத்தியானம் ஒன்று, கண் திறந்தபடியே. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அப்பாவுக்குப் பெருச்சாளி. அம்மாவுக்குப் பாம்பு. பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கண்ணேறு.

“தெருவே வந்து பாத்துட்டுப் போச்சே, பின்ன? ஜப்பான்காரவிய வயிறெரிஞ்சாலும் எரிஞ்சிருப்பாங்க,” என்றார்.

அம்மா படிகாரம் கட்டினாள். அப்பா விடுமுறைக்குக்கூடக் காத்திராமல், ஷிப்டு முடிந்து வந்த கையோடு கூரைமேல் இன்னொரு வலை வைத்து இறுக்கினார். பெருச்சாளி என்ன, யானை வந்தாலும் நுழைய முடியாது. மறுநாள் மூன்று கிடந்தன.

சித்தி செத்த காடைகளைக் கொல்லை மூலையில் தானே புதைத்தாள். குழி வெட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை மண்வெட்டியை ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள்.

அம்மா மெல்லச் சொன்னாள். “ஏட்டி, மேஸ்திரிகிட்ட நா வேணா ஒரு வார்த்த சொல்லி வைக்கட்டுமா? ஐப்பசி வரப்போகுதுல்லா.”

சித்தி மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அரைநாள் பள்ளி. சித்தி கூட்டுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்து எனக்கு எண்ணெய் தேய்த்து ஈர் வாரிக்கொண்டிருந்தாள். காடைகள் தீனியைக் கொத்தும் சத்தம் தகரத்தில் தூறல் விழுவதுபோலக் கேட்டது. அப்போது மில்லில் இரண்டாவது ஷிப்டுக்குச் சங்கு ஊதினார்கள்.

கூட்டுக்குள் இருந்த அத்தனை காடைகளும் நேர் மேலே எழுந்தன. பக்கவாட்டில் ஒன்றுகூட நகரவில்லை. தரையிலிருந்து சுண்டிவிட்டதுபோல் செங்குத்தாகப் போய்க் கூரைக் கம்பியில் மோதின. சட்டத்தில் தலைகள் அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு கீழே விழுந்தன. சில எழுந்தன. ஒன்று கால்களை உதைத்துக்கொண்டே கிடந்தது.

என் தலையில் சீப்பு அப்படியே நின்றது.

“சங்கு,” என்றாள் சித்தி.

நானும் அப்போதுதான் அதைக் கேட்டேன். ராஜபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சங்கை வைத்துத்தான் நாங்கள் சோறு வடித்தோம், பள்ளிக்குக் கிளம்பினோம், விளக்கு வைத்தோம். அது சத்தம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வெளியூரிலிருந்து ஒருவர் ஒரே ஒரு நாள் எங்கள் கொல்லையில் உட்கார்ந்திருந்தால் முதல் சங்கிலேயே சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் பாம்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அப்பா வந்ததும் சித்தி சொன்னாள்.

“சங்கா? எப்ப ஊதுச்சு?”

“மத்தியானம் ஊதுச்சே அத்தான்.”

“அது தெனமும் ஊதுததுதான. அதுக்குப் போயி எதுக்கு சாவணும்?”

“அதுகளுக்குத் தெரியுமா, தெனமும் ஊதும்னு? பயந்து எவ்வுது. கூடு ஒயரமா இருக்கதால வேகம் எடுத்துப் போயி முட்டுது. ஒரு சாண் இருந்தா எவ்வ எடமே இருக்காது. கொஞ்சம் குட்டையாக்கிக் குடுங்க.”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “மொதலாளிக்கு ஒரு மனு எழுதிரலாமா? காடை பயப்படுது, சங்க நிறுத்துங்கன்னு?” என்றார். சிரிக்கும்படிதான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கூட்டை அவர் பிரிக்கப் போவதில்லை என்று தெரிந்தது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஆசையாகக் கட்டியதுதான் அவற்றைக் கொல்கிறது என்பதை எந்த மனிதனாலும் ஒரே நாளில் ஒப்புக்கொள்ள முடியாது. இது எனக்கு இப்போது புரிகிறது. அன்று அவர்மேல் கோபமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு, ஆனால் மில்லில் விடுமுறை ஆளாளுக்கு வேறு வேறு நாள். அப்பா ஷிப்டுக்குப் போன பிறகு சித்தி பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். கழிவாக ஒதுக்கிய பேண்டேஜ் துணி. அந்த ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. இட்லித் தட்டில் அதுதான், டிகாக்‌ஷன் வடிகட்ட அதுதான், பிள்ளைக்கு இடுப்புத்துணி அதுதான், என் பொம்மைக்குப் புடவையும் அதுதான். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சித்தி அந்த மூட்டைப் பக்கமே போனதில்லை. அன்று முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பிரித்தாள். தூசி போக மூன்று தண்ணீரில் அலசி, காயவைத்து, பட்டைபட்டையாக இணைத்து, சுற்றிலும் ஓரம் அடித்தாள்.

“உள்ள போயி நாலு மூலைலயும் கட்டிட்டு வாரியா? ஒரு சாண் ஒயரத்துல. இறுக்கிராத, கொஞ்சம் தொங்கணும்.”

முழங்கால் வரை கூட்டுக்குள் நுழைந்தேன். காடைகள் எதிர்மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. தவிட்டு வாடையும் எச்சத்தின் நெடியும் முகத்தில் அடித்தன. கம்பித் தரை முழங்கையில் அச்சுப் பதித்தது. மூன்று மூலை கட்டி, நான்காவதில் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

நான் துணிக்கு அடியில் மல்லாந்திருந்தேன். என் முகத்துக்கு இரண்டு பக்கமும் அவை எழுந்தன. காற்று என் கன்னத்தில் பட்டது. தலைக்கு மேல் அந்த வெள்ளைத் துணி பொங்கும் பால்போல் ஒரே நேரத்தில் எத்தனையோ குமிழாக உப்பியது. ஒவ்வொரு குமிழும் ஒரு தலை. ஒரு கணம் எல்லாம் அப்படியே நின்றதுபோல் இருந்தது. பிறகு துணி அவற்றை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டது. ஒன்று என் வயிற்றில் விழுந்தது, இன்னொன்று என் நெற்றியில் கால்வைத்து இறங்கிப் போனது. மெல்லிய துணி வழியாக வந்த வெளிச்சத்தில் இறகுகள் மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.

இன்று இயந்திரங்களின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் திண்டுகளை வடிவமைப்பதுதான் என் தொழில். மோதும் பொருள் சற்றுத் தூரம் சென்று நின்றால் அடி எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட என்னால் முடியும். அந்தக் குமிழ்களைப் பார்த்த வியப்பு எந்தக் கணக்கிலும் எனக்குத் திரும்ப வரவில்லை.

“ஏட்டி, உசுரோட இருக்கியா?” என்று சித்தி வெளியிலிருந்து என் காலைப் பிடித்து ஆட்டினாள். “எல்லாம் நடக்குதா? எல்லாம் நடக்குதா, பாத்துச் சொல்லு.”

எல்லாம் நடந்தன.

அப்பா அன்றைக்கு வந்து குனிந்து பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார். அவருடைய கூரை அப்படியேதான் இருந்தது, அதற்குக் கீழே ஒரு துணி தொங்கியது, அவ்வளவுதான். மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒன்றுகூடச் சாகவில்லை. அடுத்த விடுமுறையில் பல் துலக்கிக்கொண்டே கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வேறு ஏதோ வேலையாக நிற்பதுபோல் நின்றார். சங்கு ஊதியது. துணி உப்பி அடங்கியது.

அப்பா வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு மில் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு சத்தமாவா ஊதுதான்?” என்றார்.

“நா வாக்கப்பட்டு வந்த அன்னைலருந்து இப்படித்தான் ஊதுதான்,” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அன்று சாயங்காலம் அப்பா மர உருளையையும் ஊஞ்சலையும் கழற்றினார். யாரும் கேட்காமலே கூட்டின் தரை வலையை முன்பக்கம் லேசாகச் சரித்து, வெளியே நீட்டி, நுனியை மேல்நோக்கி மடக்கிவிட்டார். முட்டை உருண்டு வந்து நிற்க வேண்டிய இடம் அது. சரிவு சரிதானா என்று என் பொம்மையின் தலையைக் கழற்றி உருட்டிப் பார்த்தார்.

ஐப்பசி பிறந்தது. மலைப்பக்கம் மேகம் இறங்கி, கொல்லையில் துணி காயாத நாட்கள். சேவல் காடைகள் தொண்டையைக் கனைத்துக் கத்தப் பழகிவிட்டன. முட்டையைத்தான் காணவில்லை. சித்தி விடிந்ததும் அந்த மடக்கை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வருவாள். அம்மா காபியை நீட்டுவாள்.

ஒரு காலையில் சித்தி திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். உள்ளங்கையில் ஒரு முட்டை. வெளிர்ப்பழுப்பில் கருநீலமும் காப்பிப்பொடி நிறமுமாக யாரோ மைப்பேனாவை உதறியதுபோல் புள்ளிகள். என் கையில் வைத்தாள். சுடச்சுட இருந்தது. இவ்வளவு சின்னப் பொருளுக்குள் இவ்வளவு சூடு இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் முட்டைகள் வந்தன, விலைக்கும் போயின. ஒவ்வொரு காடையும் தனக்கென்று ஒரு புள்ளிக்கோலம் வைத்திருந்தது. எது யாருடையது என்று சித்தி பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள்.

மேஸ்திரி சொன்ன சொல் தவறாமல் வந்தார். கொல்லைப்புறமாகவே நுழைந்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டார். அம்மா ஈரக்கையோடு வாசற்படியில் நின்றாள்.

“என்ன தாயி, முகம் தெளிஞ்சிருக்கே. திங்கக்கெழம வந்துருதியா? ஒன் எடம் அப்படியேதான் இருக்கு. ஒன்ன மாதிரி சுருட்ட ஆளில்ல.”

சித்தி கூட்டிலிருந்து தண்ணீர்த் தட்டை வெளியே இழுத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடிக்கும்வரை நிமிரவில்லை. தட்டைக் கவிழ்த்து உதறினாள். எழுந்து நின்றாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டபோது சுவரைப் பிடிக்கவில்லை.

“செத்த தள்ளிக்கிடுங்க அண்ணாச்சி,” என்றாள். “இதுகளுக்குத் தண்ணி வைக்கணும்.”